முத்திரை சொல்வதும் மரம் சொல்வதும்

ஒரு பொருள் பழையது என்று சொல்லுதல் எவர்க்கும் எளிது. அஃது எத்துணைப் பழையது என்று சொல்லுதலும், அங்ஙனஞ் சொல்லுதற்குரிய சான்று இன்னதென்று காட்டுதலுமே அரியன. நூல்களின் காலத்தை ஆராய்வோர் இவ்வருமையை நன்கறிவர். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஒரு நூலை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ளுவோரும், மற்றொரு சொல்லைப் பற்றிக்கொண்டு அதனையே ஐந்நூறு ஆண்டு பின்னே இழுப்போரும் நம்மிடையே குறைவிலர். இருசாராரும் உரத்துப் பேசுவர். உரத்துப் பேசுதல் சான்றாகாது என்பதனை இருசாராரும் மறந்துவிடுவர்.

யான் இன்று எழுதப் புகுந்தது நூலைப் பற்றியன்று. கிற்றார் என்னும் இசைக்கருவியைப் பற்றி. நன்னூலும் தண்டியலங்காரமும் படிப்பிக்கும் பண்டிதனுக்குக் கிற்றாரோடு யாது உறவு என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். உறவு உண்டு. பழைய கிற்றார் ஒன்றின் காலத்தைத் துணிவதற்கு அமெரிக்க நாட்டு வல்லுநர் கையாளும் முறை, பழைய நூலின் காலத்தைத் துணிவதற்கு நாம் கையாளவேண்டிய முறையே. அகச்சான்று, புறச்சான்று என நாம் ஏட்டளவிற் பேசுவனவற்றை அவர் மரத்திலும் உலோகத்திலும் கையால் தொட்டுக் காட்டுகின்றனர். ஆதலின் அம்முறையை அறிதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும். அதனினும் மேலாக, பழம்பொருள்களை மினுக்கி அவற்றின் வரலாற்றை அழித்துவிடும் வழக்கம் ஒன்று உலகெங்கும் பரவியுள்ளது. அவ்வழக்கம் தவறு என்று நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கிற்றார் உலகிற் பழமையும் பெருமையும் வாய்ந்த பெயர் மார்ட்டின் என்பது. கிறிஸ்தியன் பிரெடெரிக் மார்ட்டின் 1796இல் ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள மார்க்நோய்கிர்ஹன் என்னும் ஊரிற் பிறந்தவர். வியன்னா நகரத்து யோகான் கியோர்க் ஸ்டவுபர் என்னும் புகழ்பெற்ற கிற்றார் ஆசிரியரிடம் தொழில் பயின்றவர். சொந்த ஊரிலே வயலின் செய்வோர் சங்கத்துக்கும் தச்சர் சங்கத்துக்கும், கிற்றார் செய்யும் உரிமை யாருடையது என்பது பற்றி நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது. மார்ட்டின் குடும்பத்தார் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர். அவ்வழக்கினாற் சலித்த அவர் 1833இற் கடல் கடந்து நியூயோர்க் நகரத்திற் குடியேறினார். 1839இல் அந்நகரையும் நீங்கிப் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் என்னும் சிற்றூரின் பக்கத்தே நிலம் வாங்கினார். அவர் 1873இல் மறைந்த பின்னரும் அவர் வழியினர் அவ்வூரிலேயே தொழிலை நடத்திவந்துள்ளனர்.

இனி, இக்கருவிகளின் முத்திரையைக் காண்போம். நாசரேத்திலே தொழிற்சாலை அமைந்த பின்னரும், 1898 வரை, மார்ட்டின் கிற்றார்களிலே பொறிக்கப்பட்ட ஊர் நியூயோர்க் என்பதே. விற்பனை அந்நகரத்து வணிகர் வழியாக நிகழ்ந்தமையாற் பழைய முத்திரை அறுபது ஆண்டுக்கு அண்மையாக மாற்றமின்றி நின்றது. 1898இலேதான் நாசரேத் என்னும் பெயர் முத்திரையில் இடம் பெற்றது. முத்திரையை மட்டும் படித்தவர் 1860இற் செய்த கருவியையும் 1890இற் செய்த கருவியையும் நியூயோர்க்கிற் பிறந்தனவாகவே கொள்வர். உண்மையோ வேறு. எழுத்திலே பொறித்த செய்தி பொய்யன்று. அஃது ஒரு வணிக வழக்கு. வழக்கினை அறியாது எழுத்தை மட்டும் படிப்பவன் பொய்யை மெய்யாகக் கொள்கின்றான். இந்த முத்திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. நிறுவனத்தின் பெயரோடு 'கொம்பனி' என்னும் சொல் சேர்ந்தது 1867இல். ஆதலின் அச்சொல் இல்லாத நியூயோர்க் முத்திரை 1867க்கு முன்னையது. அச்சொல் உள்ளது அவ்வாண்டுக்கும் 1898க்கும் இடைப்பட்டது. ஓர் எழுத்தினாலும் ஒரு சொல்லினாலும் காலத்தை வரையறுக்கும் இம்முறை நமக்குப் புதியதன்று.

1898இலிருந்து மார்ட்டின் நிறுவனத்தார் ஒவ்வொரு கருவிக்கும் தொடரெண் இட்டனர். அதற்கு முன்னர்ச் செய்தவை ஏறத்தாழ 8,000 என்று மதிப்பிட்டு அதற்கு மேலிருந்து எண்ணத் தொடங்கினர். அத்தொடர் அறாது நீண்டு 2004இற் பத்திலட்சத்தைத் தொட்டது. ஆண்டுதோறும் இறுதியில் நின்ற எண் இன்னது என்னும் பட்டியலும் உண்டு. 1898இன் இறுதியெண் 8,348. 1930இன் இறுதியெண் 45,317. 1943இன் இறுதியெண் 86,724. 1944இன் இறுதியெண் 90,149. 1945இன் இறுதியெண் 93,623. ஒலித்துளையினூடே உள்ளே நோக்கினாற் கழுத்து உடலோடு சேருமிடத்திலுள்ள கட்டையில் இவ்வெண்ணைக் காணலாம். 1930இன் பிற்பகுதியிலிருந்து எண்ணின் மேலே கருவியின் வகைக்குறியும் பொறிக்கப்பட்டது. இத்துணைத் தெளிவான பதிவு பிற நாட்டுக் கைவினைப் பொருள்களுக்கு வாய்த்தல் அரிது.

பட்டியல் உண்டாயின் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எண் பொறிக்கப்பட்ட நாள் வேறு. கருவி முற்றுப்பெற்றுக் கடைக்குச் சென்ற நாள் வேறு. ஆண்டின் இறுதியில் எண் பெற்ற கட்டை அடுத்த ஆண்டிற் கிற்றாராதல் கூடும். எண் தேய்ந்துவிடுதலும் உண்டு. விலை ஏறிய பின்னர்த் திருத்தப்படுதலும் உண்டு. மேலும், எல்லா நிறுவனத்தாரும் மார்ட்டினைப் போலக் கணக்கு வைத்தவரல்லர். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் 1902இல் நிறுவப்பட்ட கிப்சன் நிறுவனம் கிற்றார் வரலாற்றில் மார்ட்டினுக்கு இணையான புகழுடையது. ஆயினும் அந்நிறுவனத்தின் மலிந்த விலைக் கருவிகள் பலவற்றுக்குத் தொடரெண்ணே இல்லை. தொழிற்சாலை ஆணையெண் என்று ஒன்றை மையினாற் குத்தினர். அதுவும் காலத்தால் மங்கிவிடும். 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் ஒரே ஆறிலக்க எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கருவிக்கு மீண்டும் மீண்டும் இட்டுள்ளனர். ஆகவே எண் ஒன்று, பிள்ளைகள் பல! இந்நிலையிலே தலையின் பின்புறத்தில் நாட்டின் பெயர் குத்தப்பட்டுள்ளதா என்று நோக்குவர்; அவ்வழக்கம் 1970இல் வந்தது. 1977இலிருந்தே ஆண்டும் நாளும் அடங்கிய எட்டிலக்க எண் வழங்கலாயிற்று.

சிக்காகோ நகரத்து ஹார்மனி நிறுவனமோ, பொதுமக்கள் அஞ்சல் வழியாக வாங்கும் மலிந்த கருவிகளைப் பெருந்தொகையாகச் செய்தது. அக்கருவிகள் பலவற்றின் உள்ளே ஆண்டின் இறுதி ஈரிலக்கம் மையினாற் குத்தப்பட்டிருக்கும். விலை மலிந்தது தன் வயதை மறைக்கவில்லை. விலை உயர்ந்ததற்கு வயது கூற வல்லுநர் வேண்டியிருக்கிறது. இதுவும் உலகியல்போலும்.

முத்திரையும் எண்ணும் எழுத்துச் சான்றுகள். இவற்றை விடுத்து மரத்தை நோக்குவோம். மரத்தின் சான்றே எனக்குப் பெரிதும் உவப்பானது. ஏனெனில் அது தன்னையறியாது பேசுவது.

முதலாவது, நரம்பு. முற்காலத்துக் கிற்றார்கள் விலங்கின் குடல் நரம்புக்கெனச் செய்யப்பட்டவை. உருக்குத் தந்தி இழுக்கும் வலி மிகுதி. 1922இல் மார்ட்டின் நிறுவனத்தார் தம் சிறிய மகோகனிக் கிற்றார் ஒன்றை உருக்குத் தந்திக்கெனவே அமைத்தனர். அதன்பின் மேற்பலகையும் அதனைத் தாங்கும் உட்சட்டங்களும் படிப்படியாக வலிமை பெற்றன. இரண்டாவது, கழுத்து. உடலோடு சேருமிடம் வரை பன்னிரண்டு மெட்டுக்கள் அமைதலே முன்னை வழக்கு. 1929இற் பேரி பெக்டெல் என்னும் பான்ஜோ வல்லுநரின் வேண்டுகோளையொட்டிப் பதினான்கு மெட்டுக்கள் அமைந்த கழுத்து வந்தது. சில ஆண்டுகளில் அதுவே பெருவழக்காயிற்று. மூன்றாவது, உடலின் அளவு. இன்று எங்குங் காணப்படும் அகன்ற உருவம் 1916இற் பொஸ்ரன் நகரத்து ஒலிவர் டிட்சன் நிறுவனத்துக்கெனச் செய்யப்பட்டது. 1906இல் வெள்ளோட்டம் விடப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரால் அது 'டிரெட்நோட்' எனப்பட்டது. மார்ட்டின் தன் சொந்தப் பெயரில் அதனை விற்கத் தொடங்கியது 1931இல்.

நான்காவது, கண்ணுக்குப் புலப்படாத சான்று. தந்தியின் இழுப்பினாற் கழுத்து வளையாதிருக்க அதனுள்ளே ஒரு சட்டம் பதிப்பர். 1934 வரை மார்ட்டின் கழுத்திற் கருங்காலிச் சட்டம் இருந்தது. 1934இலிருந்து உருக்குச் சட்டம் வந்தது. 1942இல் உலகப் போரின் காரணமாக உருக்குக் கிடைத்தல் அரிதாயிற்று. மீண்டும் கருங்காலிக்குத் திரும்பினர். போர் ஓய்ந்தபின் உருக்கு மறுபடியும் வந்தது. இச்சட்டத்தைக் காண்பதற்குக் கழுத்தைப் பிளக்க வேண்டுவதில்லை. வலிய காந்தம் ஒன்றைக் கழுத்தின் பின்புறத்தே வைத்தாற் போதும். காந்தம் ஈர்க்கப்படின் உள்ளிருப்பது உருக்கு, ஈர்க்கப்படாவிடின் அன்று. ஒரு பேரரசின் போர்முயற்சி, இசைவாணன் ஒருவனின் கைப்பிடிக்குள்ளே, எவருங் காணாதபடி பதிவாகிக் கிடக்கின்றது!

ஐந்தாவது, மேற்பலகையின் அடியிலுள்ள தாங்கு சட்டங்கள். இவற்றின் நடுப்பகுதியைச் செதுக்கி மெலிதாக்குதல் பழைய முறை. கருவி நன்கு முழங்குதற்கு இது துணை செய்யும். தடித்த தந்தி பூட்டுவோரால் மேற்பலகை புடைத்ததனால், 1944இன் பிற்பகுதியில் இச்செதுக்கலைக் கைவிட்டனர். ஆறாவது, ஓரத்து அணி. மீன்முள்ளைப் போன்ற கோலமுடைய ஓர் அணி சில உயர்வகைக் கருவிகளின் விளிம்பிலே ஓடும். 1947இன் தொடக்கத்தோடு அது வழக்கொழிந்தது. ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். 1976இல் அந்நிறுவனத்தார் செதுக்கிய சட்டத்தையும் மீன்முள் அணியையும் ஒருங்கே மீட்டுப் புதிய வகையொன்றை வெளியிட்டனர். ஆகவே மீன்முள் கண்டவுடனே 'போருக்கு முந்தியது' என்று துள்ளுபவன் முப்பது ஆண்டு பிழைபடுதல் கூடும். பழைய சொல்லாட்சி கண்டவுடனே நூலைப் பழமையிற் சேர்ப்பவனுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். பிற்காலப் புலவனும் முற்காலச் சொல்லை விரும்பி எடுத்தாளுவான் அன்றோ?

ஏழாவது, பின்பலகையின் மரம். பிறேசில் நாட்டு ரோஸ்வுட் மரமே உயர்வகைக் கருவிகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டது. அந்நாட்டரசு முழுமரங்களை வெளியே விடாது தடுத்தமையால் மார்ட்டின் நிறுவனத்தார் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினர். இந்திய ரோஸ்வுட் எனப்படுவது தென்னிந்திய மலைக்காடுகளில் வளரும் ஈட்டியே. தோதகத்தி என்றும் அதனை வழங்குவர். தமிழர் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அறிந்த மரம், கடல் கடந்து அமெரிக்க இசைக்கு உடலாயிற்று என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

இச்சான்றுகள் ஒன்றோடொன்று கூடி எவ்வாறு தீர்ப்பளிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் கனடாவிலே தொழில் புரிகின்றார். சில காலத்துக்கு முன்னர் ஆங்கொரு முதியவரிடம் மகோகனி மரத்தாலாகிய சிறிய மார்ட்டின் கிற்றார் ஒன்றை வாங்கினார். "என் தந்தையார் 1938இற் போருக்கு முன்னர் வாங்கியது" என்பது விற்றவரின் வாய்மொழி. பழுது பார்ப்பவர் ஒருவரோ, "பழைய மெருகு வெடித்தும் மங்கியும் கிடக்கின்றது, முற்றாகச் சுரண்டிவிட்டுப் புதிது பூசித் தருகிறேன், முறுக்காணிகளையும் மாற்றிவிடலாம்" என்றாராம். மாணவர் எனக்குக் கடிதம் எழுதினார்: "ஐயா, வகுப்பிலே எதைச் சொன்னாலும் 'சான்று யாது?' என்று எங்களை வாட்டியவர் நீங்கள். இப்பொழுது சான்று தேடும் முறை எனக்கு வேண்டியிருக்கிறது. உங்களையன்றி யாரைக் கேட்பேன்?"

யான் மேற்கூறியவற்றை எழுதி, அவரையே நோக்கச் செய்தேன். தொடரெண் 86,724க்கு மேலும் 90,149க்குக் கீழும் அமைந்தது. ஆகவே அது 1944ஆம் ஆண்டின் எண். கழுத்திற் காந்தம் ஒட்டவில்லை. ஒட்டாமை 1934க்கு முன்னைய கருவிக்கும் பொருந்தும். போர்க்காலக் கருவிக்கும் பொருந்தும். 1938க்கு மட்டும் பொருந்தாது. சிறிய கண்ணாடியும் விளக்குங் கொண்டு உள்ளே பார்த்ததிற் சட்டங்கள் செதுக்கப்பட்டிருந்தன. ஆகவே 1944இன் பிற்பகுதியில் நிகழ்ந்த மாற்றத்துக்கு அது முந்தியது. எண் ஓராண்டைக் கூறிற்று. காந்தம் அதனை உறுதி செய்தது. சட்டம் அவ்வாண்டுக்குள்ளும் காலத்தைச் சுருக்கிற்று. மூன்று சான்றும் தனித்தனியே வந்தவை. ஒன்றை மற்றொன்று பார்த்து எழுதவில்லை. அவை ஒத்துநிற்கும் இடத்தையே நாம் உண்மை என்று கொள்ளல் தகும். விற்ற முதியவர் பொய்யுரைத்தார் என்று யான் கருதவில்லை. தந்தையின் கையிலிருந்த பொருளை நினைவு சற்றே முன்னுக்குத் தள்ளிவிடும். அது மக்கள் இயல்பு. வாய்மொழி மரபைப் புறக்கணித்தலும் தவறு. அதனைச் சோதியாது ஏற்றலும் தவறு.

மாறிய உறுப்புக்களால் மயங்குவோரும் உளர். 1925இற் செய்த கிற்றாரின் முறுக்காணியைச் சிலுவைப் பிளவுள்ள திருகாணி பற்றியிருக்குமாயின், அத்திருகாணி 1930களின் நடுப்பகுதிக்குப் பின்னரே வழக்கில் வந்ததாகலின், யாரோ பிற்காலத்திற் பூட்டியது என்பது தெளிவு. அதுகொண்டு கருவி முழுவதையும் பிற்காலத்ததாக்குதல் பேதைமை. ஏட்டுச்சுவடியின் வயது வேறு, அதில் எழுதப்பட்ட நூலின் வயது வேறு என்பதறிந்த நமக்கு இது விளக்கவேண்டிய செய்தியன்று. இவ்வாறே மரத்தின் வயதும் கருவியின் வயதும் வேறு. ஒக்ஸ்போர்ட் நகரத்து ஆஷ்மோலியன் அரும்பொருட்சாலையிலுள்ள 'மெசையா' என்னும் ஸ்ட்ராடிவாரி வயலின் உண்மையானதா என்று அறிஞரிடையே பெருவழக்கு எழுந்தது. அதன் முகப்புச் சீட்டில் 1716 என்றுள்ளது. மேற்பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்ட ஆய்வாளர், கடைசி வளையம் 1680களில் அமைந்ததென்று கண்டனர். இதனாற் பெறப்படுவது யாது? அம்மரம் அதற்கு முன்னர் வெட்டப்படவில்லை என்பது ஒன்றே. 1716இல் அது செய்யப்பட்டிருத்தல் இயலும் என்று மட்டும் வளையம் கூறும்; அவ்வாண்டிலேயே செய்யப்பட்டது என்று கூறாது. சான்று கூறுவதற்கு மேல் ஓரடி வைத்தலும் ஆராய்ச்சி நெறியன்று.

இனி மெருகைச் சுரண்டும் கேள்விக்கு வருவோம். "வேண்டாம்" என்று யான் மாணவருக்கு ஒரே சொல்லில் எழுதினேன். காரணங்களை ஈண்டு விரித்துரைப்பேன்.

பழைய மெருகு அழுக்கன்று; ஆவணம். எக்காலத்தில் எவ்வகை மெருகு பூசினர் என்பது அறியப்பட்ட செய்தி. புறவூதாக் கதிர் விளக்கின் கீழே பழைய மெருகு ஒருவகையாக ஒளிரும். பிற்காலப் பூச்சு மற்றொருவகையாகத் தோன்றும். உடைந்து ஒட்டிய இடமும் மாற்றிய பலகையும் அவ்வொளியிற் புலப்பட்டுவிடும். மெருகைச் சுரண்டியவன் தன் கருவியைப் பற்றிய சாட்சியின் நாவை அறுத்தவனாகின்றான். அத்துடன் உள்ளிருக்கும் மரமும் மெலிகின்றது, ஒலி மாறுகின்றது, வாங்குவோரிடத்து மதிப்பும் குன்றுகின்றது. அழகு செய்யப் புகுந்து செல்வத்தை இழத்தல் இதுவே.

"இசைக்கருவி வாசித்தற்கு உரியது, பூசித்தற்கு உரியதன்று. பழுதான கருவியைத் திருத்தாமல் அருங்காட்சிப் பெட்டியிற் பூட்டுவதா?" என்று வினாவுவார் உளர். வினா நேர்மையானது, விடையும் நேராக வேண்டும். தந்தியின் இழுப்பினாற் பல ஆண்டுகளிற் கழுத்தின் சாய்வு மாறும். தந்தி மெட்டுக்கு மேலே உயர்ந்துவிடும். கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்தவே வேண்டும். தேய்ந்த மெட்டுக்களை மாற்றவே வேண்டும். வெடித்த பலகையை ஒட்டவே வேண்டும். இவை செய்யாவிடின் கருவி ஊமையாகும். இவற்றை யான் மறுக்கவில்லை. செப்பனிடுதல் வேறு, அழித்தெழுதுதல் வேறு. கரையான் தின்ற ஏட்டைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர், விளங்காத இடத்தை விளங்கவில்லை என்று விட்டார்களேயன்றித் தம் பாட்டைச் செருகி நிரப்பியவரை நாம் போற்றுவதில்லை. கிற்றாருக்கும் அதுவே நெறி. கருவியை வாசிக்கத்தக்கதாக்குக, அதற்கு மேற் போகற்க. கழற்றிய முறுக்காணியையும் குதிரையையும் எறியாது ஒரு பொதியிலிட்டுக் கருவியோடு வைக்க. எந்நாளில் யாது செய்யப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி அப்பொதியிலே சேர்க்க. இதற்குச் செலவு யாதுமில்லை.

காலந்துணிதல் வீண் ஆராய்ச்சி என்று கருதுவோர்க்கு மற்றொன்றும் சொல்வேன். பிறேசில் ரோஸ்வுட் மரம் அருகிப்போனமையால், அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் கடுமையான முதற்பட்டியலில் 1992இற் சேர்க்கப்பட்டது. அம்மரத்தாலான கருவி நாட்டெல்லையைக் கடக்கவேண்டுமாயின், தடைக்கு முன்னரே அது செய்யப்பட்டது என்பதற்குச் சான்று காட்டவேண்டும். முற்கால உயர்வகைக் கருவிகளில் யானைத் தந்தமும் உண்டு. அதற்கும் தனித் தடை உண்டு. இந்நிலையிற் கருவியின் காலம் என்பது புலவர் பொழுதுபோக்கன்று. சட்டத்தின் முன் நிற்கும் வினா. எண்ணையும் மெருகையும் அழித்தவன் அன்று யாதைக் காட்டுவான்?

விலையும் ஒரு வினா. 1959இல் மார்ட்டின் செய்த கிற்றார் ஒன்று 2020ஆம் ஆண்டு ஏலத்திலே 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதனிலும் எத்துணையோ பழைய கருவிகள் அதன் நூற்றிலொரு பங்கும் பெறுவதில்லை. அதனை வாசித்தவர் கேர்ட் கோபேன் என்னும் புகழ்பெற்ற பாடகர் என்பதே காரணம். எனவே வயது வேறு, விலை வேறு. விலைக்காக வயதைக் கூட்டுவோர் உள்ளவரை, வயதைச் சான்றால் நிறுவுவோரும் வேண்டும்.

வயதறியாமையின் கேடு யாது என்பதற்கு உலகறிந்த ஒரு நிகழ்ச்சி போதும். 2015இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றில் நடிகர் ஒருவர் கிற்றாரைப் பிடுங்கி அடித்து நொறுக்கும் காட்சி உண்டு. நொறுக்குவதற்கெனப் போலிக் கருவிகள் செய்து வைத்திருந்தனர். ஆயினும் அவர் கையிற் கிடைத்தது மார்ட்டின் அரும்பொருட்சாலையிலிருந்து இரவலாகப் பெற்ற, 1870களிற் செய்யப்பட்ட மெய்யான கருவி. அவர் அறியார், அடித்தார், அது சிதறிற்று. அரும்பொருட்சாலையார் இனித் திரைப்படத்துக்கு இரவல் கொடுப்பதில்லை என்றனர். காப்புறுதிப் பணம் கிடைத்திருக்கும், கருவி கிடைக்குமா? ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீக்கும் செல்லுக்கும் தப்பிய மரம், 'இது பழையது' என்னும் செய்தி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகாமையால் ஒரு நொடியில் விறகாயிற்று. அறுத்தெறிந்த மெருகும், அழித்த முத்திரையும், எழுதாமல் விட்ட வரலாறும் செய்யும் கேடு இதனின் வேறன்று. மெதுவாக நிகழ்வதனால் நம் கண்ணிற் படுவதில்லை என்பதே வேற்றுமை.

ஆசிரியப் பெருமக்களை யான் ஒன்று வேண்டுவேன். காலவாராய்ச்சியைப் பாடநூலிலுள்ள ஆண்டுகளை மனனஞ் செய்விப்பதோடு நிறுத்தல் வேண்டாம். ஒரு பழம்பொருளை மாணவர் முன் வைத்து, இதன் வயது யாது என்று கேட்கவேண்டும். அவர் ஓராண்டைக் கூறின், எதனால் அறிந்தாய் என்று வினாவவேண்டும். ஒரு சான்று தந்தால், அதனோடு உறவில்லாத மற்றொரு சான்றைத் தேடச் செய்யவேண்டும். சான்றுகள் முரணின், தமக்கு உவப்பானதை மட்டும் எடுத்துக்கொள்ளும் இச்சையை அடக்கக் கற்பிக்கவேண்டும். இறுதியில் "1934க்கும் 1942க்கும் இடைப்பட்டது, இதற்கு மேற் சொல்ல இயலாது" என்று ஒரு மாணவன் கூறுவானாயின், அவனுக்கு முழுப் புள்ளி வழங்கத் தயங்கற்க. சான்றின்றி "1938" என்று துணிந்துரைக்கும் மாணவனிலும் அவன் கற்றவன்.

பொருளை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். பழம்பொருள் ஒன்றை நாம் வாங்குங்கால் மரத்தையும் தந்தியையும் மட்டும் வாங்குவதில்லை. நமக்கு முன்னிருந்தோர் விட்டுச்சென்ற சான்றுகளையும் பொறுப்பேற்கின்றோம். அவற்றுக்கு நாம் உடைமையாளர் என்பதிலும் காவலாளர் என்பதே பொருந்தும். மங்கிய மெருகு மங்கியபடியே இருக்கட்டும். நமக்குப் பின் வருவோன் நம்மினும் நல்ல கருவி கொண்டு அதனைப் படிப்பான். அவன் படிப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டும்.